முதலில் தாமதம், பிறகு வேகம்: மவுஸ் அமைப்புகளைச் சரிசெய்யப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளைப் புதிதாக ஆடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: டிபிஐ, அதாவது மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் அனுப்பும் எண்ணிக்கை, எவ்வளவு வைக்கலாம்? பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் 400 என்பார், இன்னொருவர் 1600 என்பார். மவுஸ் வந்த பெட்டியோ 26,000 என்று கொட்டை எழுத்தில் மார்தட்டும். இவற்றில் எந்த எண்ணும் தனியாக நின்று உங்களுக்கு எதையும் சொல்லாது. மேசைமேல் கையை எத்தனை சென்டிமீட்டர் நகர்த்தினால் திரையில் பார்வை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது? அந்தத் தூரம்தான் உங்கள் உண்மையான சென்சிட்டிவிட்டி, அதாவது கை அசைவுக்குப் பார்வை திரும்பும் வேகம்.

அந்தத் தூரத்தைக் கணக்கிடுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கை அசைந்ததற்கும் திரை அசைவதற்கும் நடுவே தாமதம் இருந்தால், எந்த சென்சிட்டிவிட்டியை வைத்தாலும் மனத்துக்கு ஒட்டாது. எதிரியின் தலையில் கிராஸ்ஹேர், அதாவது திரை நடுவில் இருக்கும் குறி, வந்துவிட்டதென்று கண் சொல்லும் நேரத்தில் கை ஏற்கெனவே தாண்டிப் போயிருக்கும். வேகம் அதிகம்போல என்று நினைத்துக் குறைப்பீர்கள். குறைத்ததும் திரும்புவதற்கு நேரம் போதாது, மறுபடி ஏற்றுவீர்கள். இப்படி வாரக்கணக்கில் எண்ணோடு மல்லுக்கட்டுகிறவர்களில் பலருக்குக் கோளாறு மவுஸிலேயே இருப்பதில்லை. அதனால் இங்கே தாமதம் முதலில், வேகம் பிறகு.

உதாரணங்களுக்கு வேலோரண்ட், கவுண்டர்-ஸ்டிரைக் 2 என்ற இரண்டு விளையாட்டுகளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன, சுமாரான கணினியிலும் ஓடுகின்றன, இரண்டிலும் மவுஸ் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம்.

எந்த லேக் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

‘லேக் அடிக்கிறது’ என்ற ஒரே புகாருக்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று இணையத் தாமதம். திரையின் மூலையில் பிங் என்று காட்டப்படுவது. மற்றது இன்புட் லேக். உங்கள் மேசைக்குள்ளேயே நடப்பது. பிரித்தறிய எளிய வழி உண்டு. மவுஸை அசைத்தால் பார்வை திரும்புவது முழுக்க உங்கள் கணினிக்குள் முடிந்துவிடும் வேலை. அதற்கு யாரும் சர்வரிடம் அனுமதி கேட்பதில்லை. ஆகவே பார்வையே கனமாக, எண்ணெயில் நீந்துவதுபோலத் திரும்பினால் அது இன்புட் லேக். பார்வை சட்டென்று திரும்புகிறது, ஆனால் எதிரி இங்கிருந்து அங்கே தாவுகிறான், சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகும் நீங்கள் சாகிறீர்கள் என்றால் அது இணையம்.

இணையத் தாமதத்துக்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை. அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுங்கள், வைஃபையை விட்டுக் கம்பி இணைப்புக்கு மாறுங்கள், அவ்வளவுதான். கவுண்டர்-ஸ்டிரைக்குக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர்கள் உண்டு. வேலோரண்டுக்கு மும்பையில் உண்டு. பிங்கைக் குறைக்க மவுஸை மாற்றுவதும், மவுஸைச் சரிசெய்ய இணையத் திட்டத்தை மாற்றுவதும் ஒரே அளவுக்கு வீண்.

முதல் படி: மானிட்டர் உண்மையிலேயே எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது?

இதற்குக் காசு செலவில்லை, இரண்டு நிமிட வேலை. கிடைக்கும் பலனோ பல சமயம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

60 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் மானிட்டர், ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போக 16.7 மில்லி வினாடி எடுக்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு அது 6.9 மில்லி வினாடி, 240 ஹெர்ட்ஸுக்கு 4.2. புதிதாக 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, மாதக்கணக்கில் அதை 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம், ஏனென்றால் விண்டோஸ் பல சமயம் தானாக மாற்றிக்கொள்வதில்லை. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய், ரிஃப்ரெஷ் ரேட் என்ற இடத்தில் இருக்கும் மிகப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விளையாட்டின் வீடியோ அமைப்பிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் எதிர்பார்த்த எண் பட்டியலிலேயே இல்லையா? கேபிளைப் பாருங்கள். பல மானிட்டர்களில் டிஸ்ப்ளே போர்ட் வழியாகக் கிடைக்கும் முழு வேகம் எச்.டி.எம்.ஐ. வழியாகக் கிடைப்பதில்லை. அப்படியே கணினியின் பின்பக்கத்தையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்க வேண்டும், மேலே யு.எஸ்.பி. துளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் மதர்போர்டு துளையில் செருகியிருந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கார்டு படம் காட்டும் வேலையைச் செய்யவேயில்லை.

தொலைக்காட்சியை மானிட்டராகப் பயன்படுத்துகிறவர்கள் அதன் மெனுவில் கேம் மோடைக் கட்டாயம் போடுங்கள். தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றுவதற்காக ஒவ்வொரு பிரேமையும், அதாவது ஒவ்வொரு படத்தையும், நிறுத்திவைத்துப் பல வேலைகள் செய்யும். சினிமா பார்க்கும்போது அது தெரியாது. மவுஸைப் பிடித்த அடுத்த கணம் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: வரிசையில் நிற்கும் பிரேம்களைக் குறையுங்கள்

இன்புட் லேக்கின் பெரும்பங்கு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

நீங்கள் மவுஸை அசைத்ததும் பிராசஸர் அந்த அசைவைக் கணக்கில் எடுத்து, அடுத்த காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்கு உத்தரவு எழுதுகிறது. கார்டு அதை வரைகிறது. வரைந்தது மானிட்டருக்குப் போகிறது. கார்டு திணறும்போது பிராசஸர் காத்திருப்பதில்லை. அடுத்தடுத்த பிரேம்களுக்கான உத்தரவுகளை எழுதி அடுக்கிக்கொண்டே போகும். விளையாட்டுகள் படம் வரையப் பயன்படுத்தும் விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் இயல்பாக மூன்று பிரேம்கள் வரை இப்படி வரிசையில் நிற்க இடம் தருகிறது. பந்தியில் பரிமாறுகிறவர் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், சமையலறையில் எவ்வளவு வேகமாகத் தட்டுகளை நிரப்பினாலும் கடைசித் தட்டு உங்கள் முன்னால் வரும்போது ஆறித்தான் போயிருக்கும். நீங்கள் திரையில் பார்க்கும் பிரேம், உங்கள் கை சற்றுமுன் இருந்த இடத்தைக் காட்டும் பழைய பிரேம். விநாடிக்கு 60 பிரேம் ஓடும் கணினியில் மூன்று பிரேம் வரிசை என்றால் 50 மில்லி வினாடி அங்கேயே போய்விட்டது.

இதற்கு மூன்று காரியங்கள் செய்ய வேண்டும்.

வி-சிங்க்கை அணையுங்கள். படம் நடுவில் கிழிந்ததுபோலத் தெரிவதைத் தடுக்க வந்த வசதி அது; அதற்காக முடிந்துபோன பிரேமையும் மானிட்டர் தயாராகும்வரை காக்க வைக்கிறது. போட்டி விளையாட்டில் கிழிசலோடு வாழ்வதே மேல். கார்டின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரைப் புதுப்பிக்க வைக்கும் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் உள்ள மானிட்டர் என்றால் அதைப் போட்டு, பிரேம் வேகத்தை மானிட்டரின் ஹெர்ட்ஸுக்குச் சில எண்கள் கீழே கட்டிவையுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 138 நல்ல எண். உச்சியை முட்டினால் அந்த வசதி கைவிட்டுவிடும் என்பதால்தான் இந்த இடைவெளி.

அடுத்து, கிராபிக்ஸ் கார்டு எந்நேரமும் 99 சதவீதத்தில் வேர்த்து ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழல், ஓரங்களை வழவழப்பாக்கும் ஆன்ட்டி-ஏலியாசிங், எஃபெக்ட்ஸ் ஆகியவற்றை இறக்கினால் கார்டுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும், வரிசையும் சேராது. ஒரு சிறிய முரண் இதில் இருக்கிறது: கார்டு முழுப் பாரத்தில் 130 பிரேம் தருவதைவிட, 120-இல் கட்டிவைத்து இளைப்பாறும் கார்டு பல சமயம் கைக்கு வேகமாகத் தெரியும். பிரேம் எண் குறைந்து தாமதமும் குறைகிறது. நம்பாதவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள்.

மூன்றாவது, என்விடியா கார்டு என்றால் ரிஃப்ளெக்ஸ். 2020 செப்டம்பரில் வந்த இந்த வசதி, பிராசஸர் உத்தரவுகளை அடுக்குவதையே தடுத்து, கார்டு தயாரான நேரத்துக்கு ஒட்டி எழுத வைக்கிறது. வேலோரண்ட், கவுண்டர்-ஸ்டிரைக் 2 இரண்டின் வீடியோ அமைப்பிலும் இருக்கிறது. ‘ஆன்’ போதும். ஏ.எம்.டி. கார்டுக்காரர்களுக்கு ஆன்ட்டி-லேக் உண்டு. இதில் ஒரு கிளைக்கதை: 2023 அக்டோபரில் ஏ.எம்.டி. கவுண்டர்-ஸ்டிரைக் 2-க்குக் கொண்டுவந்த ஆன்ட்டி-லேக் பிளஸ், விளையாட்டின் கோப்புகளுக்குள் தானே நுழைந்து வேலை செய்தது. கவுண்டர்-ஸ்டிரைக்கின் மோசடித் தடுப்பு அதைக் கள்ள மென்பொருளாகக் கருதி ஆட்டக்காரர்களைத் தடை செய்யத் தொடங்கியது. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது; தடைகளும் நீக்கப்பட்டன. பிறகு 2024-இல் விளையாட்டோடு முறையாக இணைந்து இயங்கும் ஆன்ட்டி-லேக் 2 வந்தது. தாமதத்தைக் குறைப்பதாகச் சொல்லிக்கொண்டு இணையத்தில் உலாவும் பெயர் தெரியாத ‘ஆப்டிமைசர்’ மென்பொருள்களை ஏன் தொடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் சார்ஜரைச் செருகிவிட்டு ஆடுங்கள். பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலும் வேகம் வெகுவாக இறங்கிவிடும்.

போன் கேமராவால் ஒரு சோதனை

இதுவரை செய்தது பலித்ததா என்று உணர்ச்சியை வைத்துச் சொல்வது ஆபத்து. புதிதாக ஏதாவது மாற்றினால் வேகமாகிவிட்டது என்றுதான் மனம் எப்போதும் சொல்லும். நல்லவேளையாக, கையில் இருக்கும் போனே அளவுகோலாகும்.

போனின் கேமராவில் விநாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மவுஸின் இடப் பொத்தானும் திரையும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி போனைச் சாய்த்து நிறுத்துங்கள். பயிற்சிக் களத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் சில முறை சுடுங்கள். பிறகு காணொளியைப் பிரேம் பிரேமாக நகர்த்தி, பொத்தான் அடியில் போய் முட்டிய பிரேமிலிருந்து துப்பாக்கி வாயில் தீப்பொறி தெரியும் பிரேம் வரை எண்ணுங்கள். ஒவ்வொரு பிரேமும் 4.2 மில்லி வினாடி. பத்துப் பிரேம் என்றால் ஏறக்குறைய 42 மில்லி வினாடி. ஒரே முறை எண்ணி முடிவுக்கு வராதீர்கள். பல முறை சுட்டுச் சராசரி எடுங்கள், ஏனென்றால் கிளிக் விழும் கணமும் மானிட்டர் புதுப்பிக்கும் கணமும் ஒவ்வொரு முறையும் வேறுவிதமாகப் பொருந்தும்.

துல்லியமான ஆய்வகக் கருவி இல்லைதான். ஆனால் வி-சிங்க் போட்டும் அணைத்தும் எடுத்த இரண்டு காணொளிகளின் வித்தியாசத்தைப் பார்க்க இது தாராளமாகப் போதும்.

மூன்றாம் படி: மவுஸ் இணைப்பு

போலிங் ரேட் என்பது மவுஸ் விநாடிக்கு எத்தனை முறை கணினியிடம் பேசுகிறது என்ற எண். சாதாரண அலுவலக மவுஸ் 125 முறை, அதாவது 8 மில்லி வினாடிக்கு ஒரு முறை. விளையாட்டு மவுஸ்கள் 1000 முறை, 1 மில்லி வினாடிக்கு ஒரு முறை. மவுஸோடு வந்த மென்பொருளில் 1000 என்று வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

4000, 8000 என்று விற்கிறார்களே என்று கேட்பீர்கள். 1000-லிருந்து 8000-க்குப் போனால் இடைவெளி 1 மில்லி வினாடியிலிருந்து 0.125 ஆகிறது, மிச்சம் ஒரு மில்லி வினாடிகூட இல்லை. அதற்காகப் பிராசஸர் விநாடிக்கு 8000 முறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். பழைய பிராசஸர் என்றால் விளையாட்டே திக்கித் திணறும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு 8000 ஹெர்ட்ஸ் மவுஸ் தேடுகிறவர்கள் அந்தப் பணத்தை மானிட்டருக்காக ஒதுக்கட்டும்.

கம்பியில்லா மவுஸ் என்றால், புளூடூத்தில் ஆடாதீர்கள். உடன் வந்த சிறிய ரிசீவரைப் பயன்படுத்துங்கள். அந்த ரிசீவரைக் கணினியின் பின்பக்கத்தில் செருகினால் இடையில் இரும்புப் பெட்டி நிற்கும், பக்கத்து யு.எஸ்.பி. 3.0 துளைகளிலிருந்து வரும் இரைச்சலும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். மவுஸ் வந்த பெட்டியில் பெரும்பாலும் ஒரு நீட்டிப்புக் கேபிள் கொடுத்திருப்பார்கள். அதை எடுத்து ரிசீவரை மவுஸ் பேடுக்கு அருகிலேயே வையுங்கள். கம்பியில்லா மவுஸ் மோசம் என்ற பழைய நம்பிக்கை இப்போது நல்ல மவுஸ்களுக்குப் பொருந்தாது.

நான்காம் படி: விண்டோஸின் உதவியை வேண்டாம் என்று சொல்லுங்கள்

விண்டோஸில் ‘என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பெயரைப் பார்த்தால் துல்லியத்தைக் கூட்டுவதுபோலத் தோன்றும். அது செய்வதோ, கையை வேகமாக நகர்த்தினால் கர்சரை இன்னும் தொலைவு தள்ளுவது, மெதுவாக நகர்த்தினால் குறைவாகத் தள்ளுவது. பத்து சென்டிமீட்டர் நகர்த்தினால் எவ்வளவு திரும்பும் என்பது அன்றைய உங்கள் வேகத்தைப் பொறுத்து மாறிவிடும். கை பழக வேண்டும் என்றால் ஒரே அசைவுக்கு ஒரே விளைவு வேண்டும். செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்று போய் அதை அணையுங்கள். அதே பக்கத்தில் பாயிண்டர் வேகத்தை நடுவில், அதாவது 20-இல் 10 என்ற இடத்தில் வையுங்கள். பழைய கண்ட்ரோல் பேனலில் பதினொரு கோடுகளில் ஆறாவது கோடு. அந்த இடத்தில்தான் மவுஸ் சொல்லும் எண் கூட்டல் கழித்தல் இல்லாமல் அப்படியே கர்சருக்குப் போகிறது.

இன்றைய போட்டி விளையாட்டுகள் பெரும்பாலும் ரா இன்புட் முறையில் மவுஸை நேரடியாகப் படிப்பதால் விண்டோஸ் அமைப்பு அவற்றைத் தொடாது. இருந்தாலும் அணைத்துவிடுவதே நல்லது. எல்லா விளையாட்டும் அப்படி இல்லை, விளையாட்டுக்கு வெளியே கர்சரும் ஒழுங்காக நடக்கும். மவுஸின் சொந்த மென்பொருளில் ஆங்கிள் ஸ்னாப்பிங் என்று ஏதாவது இருந்தால் அதையும் அணையுங்கள். நீங்கள் கோணலாக இழுத்த கோட்டை நேராக்கித் தருகிறேன் என்று வரும் இன்னொரு வேண்டாத உதவி அது.

ஐந்தாம் படி: டிபிஐ

மவுஸின் அடியில் இருக்கும் சென்சார் தரையை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம் பிடித்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று எண்ணுகிறது. டிபிஐ 800 என்றால் ஓர் அங்குலம், அதாவது 2.54 செ.மீ. நகர்ந்ததும் 800 எண்ணிக்கைகளை அனுப்பும். 1600 என்றால் அதே தூரத்துக்கு 1600. அளவுகோலில் கோடுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது மட்டுமே இந்த எண். கோடுகள் நெருக்கமானால் அளவுகோல் சரியானதாகிவிடும் என்று பொருள் இல்லை. ஆகவே 26,000 டிபிஐ மவுஸ் 3,200 டிபிஐ மவுஸைவிட எட்டு மடங்கு நல்லது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். மலிவு மவுஸ்கள் சிலவற்றில் பெரிய எண்ணே பொய். சென்சார் அனுப்பும் சிறிய எண்ணைப் பெருக்கிக் காட்டுகிறார்கள்.

அப்படியானால் 400-ஆ, 800-ஆ, 1600-ஆ? இதில் தாமதத்தோடு ஒரு சிறிய தொடர்பு இருக்கிறது. 400 டிபிஐயில் மவுஸ் 0.0635 மில்லிமீட்டர் நகர்ந்த பிறகே முதல் எண்ணிக்கை கிளம்பும். 1600-இல் 0.016 மில்லிமீட்டரிலேயே கிளம்பிவிடும். விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற மெல்லிய அசைவில் இது 6.4 மில்லி வினாடிக்கும் 1.6 மில்லி வினாடிக்கும் உள்ள வித்தியாசம். தொலைவில் நிற்கும் எதிரியின் தலைக்குக் கிராஸ்ஹேரை நூலளவு நகர்த்தும்போது இது கணக்கில் வரும். சடாரென்று திரும்பும் அசைவில் ஒரு பொருட்டே இல்லை. 1600-க்கு மேலே போனால் கிடைப்பது இன்னும் சிறியது, கர்சரோ மெனுவில் பிடிகொடுக்காமல் ஓடும்.

புதியவர்களுக்கு 800 சொல்வேன். உயர் ரிஃப்ரெஷ் மானிட்டர் உள்ளவர்கள் 1600 வைத்து, விளையாட்டுக்குள் சென்சிட்டிவிட்டியைப் பாதியாக்கிக்கொள்ளலாம். திரும்பும் வேகம் அதேதான். முன்னணிக் கவுண்டர்-ஸ்டிரைக் வீரர்கள் பலர் 400-இல் ஆடுகிறார்களே என்றால், அவர்கள் அந்த எண்ணில் வளர்ந்தவர்கள், கை பழகிவிட்டது, மாற்றக் காரணம் இல்லை. நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள். அந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கத் தேவையில்லை.

குறைந்த டிபிஐ வைத்தால் கிராஸ்ஹேர் பிக்சல்களைத் தாண்டிக் குதிக்கும் என்ற பயமும் பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 1920-க்கு 1080 திரையில் கவுண்டர்-ஸ்டிரைக் 2-இல் சென்சிட்டிவிட்டி 3.6-ஐத் தாண்டினால்தான், வேலோரண்டில் 1.07-ஐத் தாண்டினால்தான், ஒரு எண்ணிக்கை திரை நடுவில் ஒரு பிக்சலைவிடப் பெரிதாகிறது. அவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டிய நிலைமை 800 டிபிஐயில் வராது.

ஆறாம் படி: சென்டிமீட்டரில் யோசியுங்கள்

இப்போதுதான் ஆட்டக்காரர் முடிவு செய்ய வேண்டிய ஒரே எண்ணுக்கு வருகிறோம். கவுண்டர்-ஸ்டிரைக்கில் சென்சிட்டிவிட்டி 1 என்றால், மவுஸின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 டிகிரி திரும்பும். வேலோரண்டில் அது 0.07 டிகிரி. இதிலிருந்து முழுச் சுற்றுக்கான தூரம் தானாக வந்துவிடும்:

கவுண்டர்-ஸ்டிரைக் 2: 41,564-ஐ டிபிஐ, சென்சிட்டிவிட்டி இரண்டின் பெருக்கலால் வகுத்தால் செ.மீ.
வேலோரண்ட்: 13,063-ஐ அதே பெருக்கலால் வகுத்தால் செ.மீ.

வேலோரண்டில் 800 டிபிஐ, 0.4 சென்சிட்டிவிட்டி என்று வைத்தால் பெருக்கல் 320, தூரம் 40.8 செ.மீ. தொடங்குவதற்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர்-ஸ்டிரைக்கில் அதே தூரத்துக்கு 800 டிபிஐயில் 1.27. நின்று, குறிவைத்து, ஒரே குண்டில் முடிக்கும் இந்த வகை விளையாட்டுகளில் 30 முதல் 60 செ.மீ. வரை நல்ல ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உக்ரைனைச் சேர்ந்த கவுண்டர்-ஸ்டிரைக் வீரர் சிம்பிள் நெடுங்காலம் ஆடிய 400 டிபிஐ, 3.09 அமைப்பைச் சென்டிமீட்டரில் மாற்றினால் 33.6 வரும். கொஞ்சம் வேகம்தான். ஆட்கள் பறந்து குதித்துத் தலைக்கு மேல் வரும் விளையாட்டுகளில் இன்னும் குறைந்த தூரம் வசதி.

கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் அளந்து பாருங்கள். பேடின் இடது ஓரத்தில் ஓர் அடிக்கோலைக் கிடத்தி, பயிற்சிக் களத்தில் ஒரு சுவர் மூலையில் கிராஸ்ஹேரை வைத்து, பார்வை சுற்றி அதே மூலைக்குத் திரும்பும்வரை மவுஸை நேராக வலப்பக்கம் தள்ளுங்கள். பேட் போதாவிட்டால் பாதிச் சுற்று அளந்து இரட்டியுங்கள். கிடைத்த தூரம் கணக்கோடு பெரிதாக முரண்பட்டால், மவுஸில் டிபிஐ பொத்தானைத் தெரியாமல் அழுத்தியிருக்கலாம், அல்லது எங்கோ ஆக்சிலரேஷன், அதாவது கை வேகத்துக்கேற்பத் தூரத்தை மாற்றும் அமைப்பு, இன்னும் அணையாமல் இருக்கிறது. ஒரு முறை மெதுவாகவும் ஒரு முறை வேகமாகவும் தள்ளிப் பாருங்கள். தூரம் மாறினால் சந்தேகமே வேண்டாம், ஆக்சிலரேஷன்தான்.

பேடைப் பற்றி ஒரு வார்த்தை. முழுச் சுற்றுக்கு 40 செ.மீ. என்றால், பின்பக்கம் திரும்ப 20 செ.மீ. வேண்டும். நடுவிலிருந்து இருபக்கமும் அந்த இடம் இருக்க வேண்டும் என்றால் பேடின் அகலம் குறைந்தது 40 செ.மீ. உள்ளங்கையகலப் பேடில் வைத்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டிப் பழகியவர்களுக்கு இது முதலில் தோள்வலியைத் தரும். பெரிய திருப்பங்களுக்கு முழங்கையிலிருந்து கை நகரட்டும். நுணுக்கமான திருத்தங்களுக்கு மணிக்கட்டும் விரல்களும். மேசையில் இடமே இல்லை, விசைப்பலகை பாதியைப் பிடித்துக்கொள்கிறது என்றால் அதைச் சாய்த்து வையுங்கள், அல்லது 30 செ.மீ.க்கு அருகில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். மேசைக்கு ஏற்ற எண்ணே உங்கள் எண்; வேறொருவருடைய மேசைக்கு ஏற்றதை இறக்குமதி செய்யாதீர்கள்.

ஏழாம் படி: விளையாட்டு மாறும்போது

வேலோரண்டிலிருந்து கவுண்டர்-ஸ்டிரைக்குக்குப் போகிறீர்கள் என்றால் 3.18-ஆல் பெருக்குங்கள், திரும்பி வரும்போது 3.18-ஆல் வகுங்கள். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டு கவுண்டர்-ஸ்டிரைக்கின் அதே 0.022 கணக்கைப் பயன்படுத்துவதால் எண் அப்படியே பொருந்தும். வேறு விளையாட்டு என்றால் அடிக்கோல் இருக்கவே இருக்கிறது.

ஸ்கோப் வழியாகப் பார்க்கும்போது வரும் சென்சிட்டிவிட்டிப் பெருக்கியை 1-இலேயே விடுங்கள். ஸ்கோப்பில் ஏன் மெதுவாகத் தெரிகிறது, ஏன் வேகமாகத் தெரிகிறது என்று தொடக்கத்திலேயே தலையை உடைத்துக்கொள்வது தேவையற்ற வேலை.

எப்போது மாற்றலாம்

இரண்டு வாரமாவது எதையும் தொடாதீர்கள். ஒரு மோசமான ஆட்டம் முடிந்த கையோடு அமைப்புகளைத் திறக்கும் பழக்கம், புதியவர்களை எல்லா மெனுக்களையும்விட அதிகம் பின்னுக்கு இழுக்கிறது. அதன் பிறகு உங்கள் ஆட்டத்தைப் பதிவு செய்து, தவறிய குண்டுகளை மட்டும் பாருங்கள். கிராஸ்ஹேர் பெரும்பாலும் எதிரியைத் தாண்டிப் போய் நிற்கிறதா? சென்சிட்டிவிட்டியைப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். எட்டாமல் முன்னாலேயே நின்றுவிடுகிறதா, பின்னால் திரும்புவதற்குள் பேட் தீர்ந்துவிடுகிறதா? அதே அளவு கூட்டுங்கள். பாதி தாண்டியும் பாதி எட்டாமலும் சிதறிக் கிடந்தால் எண்ணில் குறை இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டுப் பயிற்சிக் களத்துக்குப் போங்கள்.

மாற்றும்போது விளையாட்டுக்குள் இருக்கும் சென்சிட்டிவிட்டியை மட்டும் மாற்றுங்கள், டிபிஐயைத் தொடாதீர்கள். மவுஸின் மேலே இருக்கும் டிபிஐ பொத்தானை மென்பொருளில் செயலிழக்கச் செய்துவிடுவது இன்னும் நல்லது. சண்டை நடுவே விரல் பட்டு எல்லாம் தலைகீழாவதை அது தடுக்கும். இறுதி எண்ணை டிபிஐ, சென்சிட்டிவிட்டி, சென்டிமீட்டர் மூன்றும் சேர்த்துப் போனில் குறித்து வையுங்கள். நண்பர் வீட்டிலோ கேமிங் சென்டரிலோ உட்காரும்போது முதலில் அந்த மவுஸின் டிபிஐயைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் சென்டிமீட்டரிலிருந்து பின்னோக்கி வகுத்தால் சென்சிட்டிவிட்டி கிடைத்துவிடும். டிபிஐ யாருக்கும் தெரியவில்லை என்றால் அடிக்கோலை வைத்து ஒரு சுற்று அளந்துகொள்ளுங்கள்.